ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது

என் ராணி அக்காவுக்கு,

மழை பெய்தாலும் அட்டை கடித்தாலும் பிளாஸ்டிக் படங்கை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தேயிலைச் சரிவில் இறங்கினவளுக்கு, சூப்பர்வைசரே பேச யோசிக்கிற வாய்க்காரிக்கு, உன் தங்கச்சி எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இதை அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அழுகையெல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சமிருப்பது கோபம்தான், அது நல்ல திடமாக இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம்ம லயத்து வரிசை வீடுகளில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று பக்கத்து வீட்டு முருகையா மாமா நம்ம வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "எல்லாம் விதிம்மா. அவ நேரம் முடிஞ்சிட்டு, போயிட்டா. ஆனா பெத்தவ கையால ரெண்டு மடக்கு கட்டன் சாயா குடிச்சிட்டுப் போனா பாரு, அது எத்தன பேருக்குக் கெடைக்கும்?" அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அம்மா அந்த இரண்டு மடக்கைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருந்தாள். யார் துக்கம் கேட்க வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "எங்கையால குடிச்சிட்டுத்தான் போனா."

விதியாம். மலைமேல் ஒழுங்கான ரோடு இல்லாததும் விதியா? எஸ்டேட் டிஸ்பென்சரி பூட்டிக் கிடப்பதும் விதி எழுதின பூட்டா? நீ இருந்திருந்தால் மாமாவை அங்கேயே நிறுத்திக் கேட்டிருப்பாய். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. கேட்க என்னிடம் என்ன இருந்தது?

நீ விழுந்ததை நான் பார்க்கவில்லை. அன்று டூரிஸ்டுகளை அழைத்துக்கொண்டு புல்மேட்டில் இருந்தேன். "உனக்கு வாய் இருக்கு, கொழுந்து பறிக்க வராதே, போய் நாலு ஊர்க்காரனோட பேசிப் பொழை" என்று நீதானே என்னைக் கைடு வேலைக்குத் துரத்தினாய்? நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். ஈரக் கல்லில் கால் வழுக்கி, கொழுந்துச் சாக்கோடு உருண்டு, பாறையில் தலை மோதிக் கிடந்தாயாம். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இருந்தது. "தூக்கு தூக்கு" என்று ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்து ரோட்டுக்கு ஏற்றினார்கள். அம்மா ஓடிவந்து தன் பிளாஸ்கைத் திறந்து உன் வாயில் கட்டனை ஊற்றினாள்.

நம்ம ஆட்களுக்கு வேறென்ன தெரியும்? காய்ச்சல் வந்தால் கட்டன் சாயா. சண்டை தீர்ந்தால் கட்டன் சாயா. பெண் பார்க்க வந்தாலும் அதுதான், சாவு வீட்டுக்கு வந்தாலும் அதுதான். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்துவிட்டு, பாலில்லாமல் குடித்துப் பழகிய கூட்டம். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் ஒரு மடக்கு ஊற்றாமல் சும்மா நிற்பவளை இங்கே மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். அம்மா ஊற்றியது முழுக்க முழுக்கப் பாசம். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமில்லை.

ஜீப்பிலேயே உனக்கு மூச்சு இழுத்தது, நெஞ்சில் கொர்ரென்று சத்தம் வந்தது என்றாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது டாக்டர் அம்மாவிடம் மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்: "வாயில் எந்தெங்கிலும் கொடுத்தோ?" வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று. அம்மா ஏதோ பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி, "கட்டன் குடுத்தேன் சார், ரெண்டு மடக்கு குடிச்சா" என்றாள். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். உள்ளே போனார். அந்தப் பார்வைக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை.

தெரிந்தது மறையூரில். காடும் மலையுமாக வேலை செய்கிற கைடுகளுக்கு முதலுதவிப் பயிற்சி என்று போன வருஷம் அறிவித்தார்கள். ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு வாரம் கற்றுத் தருவார்களாம். நான் பேர் கொடுத்ததும் ஜீப் ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. "பொம்பளப் புள்ள என்னத்தத் தூக்கப் போவுது?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கரும்புக்காட்டைத் தாண்டி, சந்தன மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலையாள நர்ஸ். சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். குரல் மெல்லிசு, பிடிவாதம் உன்னளவு. முதல் பாடமே "ஓடாதே" என்பதுதான். நில், பார், மேலேயிருந்து கல்லோ மண்ணோ வருமா என்று யோசி, அப்புறம் போ. நம்ம ஆட்கள் ஓடியே பழகினவர்கள் இல்லையா? எனக்கு நிற்கவே வரவில்லை. அவர் என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தி வைத்தார்.

இரண்டாம் நாள் கேட்டார். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் ஒருவர் கிடக்கிறார், மூச்சு இருக்கிறது, என்ன செய்வீர்கள்? நான்தான் முந்திக்கொண்டேன். "வாயில கொஞ்சம் கட்டன் ஊத்துவோம் சிஸ்டர்." எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. நினைவில்லாதவருக்கு விழுங்க வராது, ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும், அதனால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது என்றார். கழுத்து அசையாமல் தலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பலகை மாதிரி ஒரே சீராகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வாந்தி வந்தாலும் வெளியே வந்துவிடும், மூச்சு அடைக்காது. அவ்வளவுதான் அக்கா. கையைத் தவிர ஒரு சாமானும் வேண்டாத காரியம்.

டாக்டர் ஏன் தரையைப் பார்த்தார் என்று அப்போது புரிந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். சிஸ்டர் வந்தார். உன் கதையைச் சொல்லி, அந்தக் கட்டன் இல்லையென்றால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். "பறயான் பற்றில்ல மோளே" என்றார். சொல்ல முடியாதாம். தலையடியும் பெரிதாக இருந்திருக்கலாம். எனக்கு இன்றுவரை விடை தெரியாது. உனக்குத் தெரியுமா?

பாடம் படித்து வந்தவள் சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் லயத்து ஆட்களைக் கூட்டினேன். கூட்டுவதற்கு முன்னால் நிறைய யோசித்தேன். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள் என்று நான் சொன்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடமிருந்து அவளுடைய இரண்டு மடக்கையும் பிடுங்கின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், அடுத்து விழுகிறவள் வாயிலும் பிளாஸ்கைத் திறப்பார்கள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்கவே வேண்டாம், தெரியும்.

அடிபட்டவராகப் படுத்துக் காட்ட ஒருவரும் வரவில்லை. உயிரோடு இருக்கும்போது பிணம் மாதிரி படுப்பதா என்று பயம். சரியென்று நானே படுத்தேன். படுத்துக்கொண்டே வகுப்பெடுத்த முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன். தலையை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு என்று அதட்டி அதட்டி என்னைப் புரட்ட வைத்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து அதைச் சொன்னேன். தண்ணீர், சோடா, கட்டன், எதுவும் கூடாது. ஒரு சொட்டும் கூடாது.

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா மாமாதான், "ஏட்டி, பெத்த தாய வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசுத?" என்று எழுந்தார். நான் நிறுத்தவில்லை. அம்மா மெதுவாக எழுந்து நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப அவ குடிக்கலையா?"

இல்லை என்று சொன்னேன் அக்கா. அம்மா கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று லயமே என்னைக் கரித்துக்கொட்டியது. கொட்டட்டும்.

அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். அடுப்பில் கட்டன் போடுவதையும் நிறுத்திவிட்டாள். பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் அதைத் தொடவே இல்லை. வேலைக்கு வெறும் தண்ணீர்தான் கொண்டுபோனாள். நம்ம வீட்டில் தேயிலை வாசமில்லாத காலை எப்படி இருந்ததென்று உனக்குச் சொன்னால் புரியாது.

இந்த மழையில் மலையேற்றத்துக்குத் தடை போட்டார்கள், நான் வீட்டில் இருந்தேன். ஒரு காலையில் மேல் சரிவிலிருந்து கூச்சல். சுமித்ரா விழுந்துவிட்டாள். உனக்கு அவளைத் தெரியாது. ஜார்கண்டிலிருந்து வந்து கடைசி வீட்டில் இருக்கிற பெண், நம்ம பேச்சு பாதிகூடத் தெரியாது. கிட்டத்தட்ட நீ விழுந்த மாதிரியே, ஈரக் கல், சாக்கு, பாறை. நான் ஓடினேன். பக்கத்தில் போனதும் நின்றேன், பார்த்தேன். மேலே மண் இளகியிருந்தது. அங்கே நின்றவர்களை முதலில் விரட்டினேன். மூச்சு இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. முருகையா மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் கையைக் காலைப் பிடிக்கக் குனிந்தார்கள். "தொட்டா நடக்கிறதே வேற" என்று கத்தினேன். அந்தக் குரல் உன்னுடையது. எனக்கே தெரிந்தது.

தலையைப் பிடிக்க ஆள் வேண்டும். பதறாமல், கையை எடுக்காமல், எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள். சுற்றிப் பார்த்தேன். அம்மா செடிகளுக்கு நடுவில் சிலை மாதிரி நின்றாள்.

"எம்மா, நீ வந்து தலையப் பிடி."

"நானா?"

"நீதான்."

வந்தாள். சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சுமித்ராவின் காதோரங்களில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பிடித்தாள். நான் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து பக்கவாட்டில் திருப்பினோம். திருப்பியதும் வாந்தி வந்தது, மண்ணில் போனது. படங்குகளைச் சேர்த்து மழை படாமல் அவளுக்கு மேலே பிடித்தோம். அம்மா அந்தப் பெண்ணிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமில்ல தாயி. நான் இருக்கேன். அசையாத தாயி."

அப்போது முருகையா மாமா யாருடைய பிளாஸ்கையோ திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டு வந்தார். பழக்கம், வேறென்ன? "ஒரு மடக்கு குடுப்போம்மா, தெம்பு வரும்." நான் வாயைத் திறக்குமுன் அம்மா நிமிர்ந்தாள். கையை எடுக்க முடியாது, குரலை எடுத்தாள்.

"ஒரு சொட்டு ஊத்துனீரு, கைய ஒடிச்சிருவேன்!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும் அக்கா. மாமா கட்டனைக் கீழே கொட்டிவிட்டுப் போய்த் தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். அது ஏற்கெனவே ஒற்றைக் கீலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கம்பளியை விரித்து, சுமித்ராவை அப்படியே ஒருக்களித்தபடி வைத்துச் சுமந்தோம். ஜீப்பிலும் அம்மா கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு குழிக்கும் டிரைவருக்கு அர்ச்சனைதான்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர், அதே கேள்வி. வாயில் ஏதாவது கொடுத்தீர்களா? அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "இல்ல சார். ஒண்ணும் குடுக்கல. ஒரு சொட்டுகூட குடுக்கல." அவர், "நல்லது செஞ்சீங்க அம்மா" என்றார். அவ்வளவுதான், அம்மா சுவரோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உனக்காக என்னெதிரில் அவள் அப்படி அழுதது அன்றுதான். அந்த இரண்டு மடக்கு அவளை அழவிடாமலே வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

சாயந்திரம் சுமித்ரா கண் திறந்தாள் என்று வந்து சொன்னார்கள். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "ஏட்டி, எனக்கு ஒரு கட்டன் வாங்கிக் குடு" என்றாள். எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனேன். தலையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்க மறுத்தன, கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பாதி குடித்ததும், "அவளுக்குச் சூடா இருந்தாத்தான் புடிக்கும்" என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை.

இனி உனக்கு ஒரு சத்தியம். நம்ம பீர்மேட்டைச் சுற்றி எத்தனை லயம் இருக்கிறதோ அத்தனையிலும் போய்த் தரையில் படுத்து என்னைப் புரட்டச் சொல்வேன். விதி என்று எவராவது வாயெடுத்தால் உன் பேரைச் சொல்வேன். அம்மாவின் கையையும் காட்டுவேன், அவளே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். டிஸ்பென்சரிக் கதவு திறக்கும்வரை எஸ்டேட்காரர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். முருகையா மாமா வீட்டுக்குப் புதுக் கதவும் கேட்டிருக்கிறேன். இந்த மலையில் இனி ஒருத்தியும் பாசத்தால் சாக மாட்டாள், நான் விட மாட்டேன்.

உன் வாயை வாங்கிக்கொண்டு பிறந்த தங்கச்சி,
கலா