ஏரிக்கரை டகோட்டாவுக்கு ஒரு வாட்ச்மேன்

9-7-74, செவ்வாய்

காலையிலேயே அனல். மழைக்கு அறிகுறி இல்லை. ரேணிகுண்டா லேத் பட்டறைக்கு லீவு சொல்லியாயிற்று. முதலாளி திட்டினார். திட்டட்டும்.

மார்ச்சில் நான் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் மதராஸ்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர், கழுத்தில் காமிரா. இன்னொருவர் விமானப்படையில் ரிட்டையர் ஆனவர், கேப்டன் என்று கூப்பிடச் சொன்னார். பழைய யுத்த விமானம் எங்கே கிடந்தாலும் தேடிப் போய்ப் பார்க்கிற சங்கமாம். அதற்கும் ஒரு சங்கம்! குடிதண்ணீர் கேட்டு எங்கள் தெரு சங்கம் வைத்தால் போலீஸ் வருகிறது.

ஏர்பேட்டிலிருந்து ஏரிக்கரை வரை நான் சைக்கிளில் முன்னால், கார் பின்னால். டகோட்டா விமானத்தைக் கண்டதும் டாக்டர் ஷூவைக் கழற்றிவிட்டார். சத்தியமாக. பிறகு பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தகட்டைத் தட்டிக்கொண்டே நீளவாக்கில் நடந்தார். கண்ணில் நீர். யுத்த சமயத்தில் வற்றிய ஏரியில் வயிறு தேய இறங்கிய விமானம் அது. சிப்பாய்கள் ரேடியோவை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் புறம்போக்கிலேயே கிடக்கிறது. எனக்கும் அதன்மேல் பைத்தியம்தான், மறைப்பானேன். அந்த மூக்கின் வளைவை எங்கள் பட்டறையில் எவனாலும் கொண்டுவர முடியாது.

உள்ளே குப்பண்ணன் குடும்பம். வெள்ளத்தில் குடிசை போனதிலிருந்து பதினோரு வருடமாக அதுதான் வீடு. வால் பக்கம் அடுப்பு, இறக்கைக்குக் கீழே ஆடுகள். கடிதத்தில் இதை எழுதவில்லை. எழுதினால் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

கேப்டன் குனிந்து பார்த்தார். ஆள் கை எட்டும் உயரம் வரை பளபளப்பு, அதற்கு மேல் கறுப்பு. குப்பண்ணன் சம்சாரம் செல்லி அக்கா புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு மாதிரி தேய்க்கிறாள். வருடா வருடம் பொங்கலுக்கு முன்.

"வொண்டர்ஃபுல். யாருப்பா இவங்க?"

"வாட்ச்மேன் சார்." வாயில் வந்துவிட்டது. காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம்.

கேப்டன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். குப்பண்ணன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பி அடித்தார். டாக்டர் வாட்ச்மேன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தெரிந்தவர்களிடம் என் வேலைக்குச் சொல்கிறாராம்.

கார் போனதும் குப்பண்ணன்:

"இன்னாடா சொன்ன அவராண்ட?"

சொன்னேன்.

"வாட்ச்மேனா? ஏய் செல்லி, எழுந்து நில்லுடி! சம்பளம் இல்லாத உத்தியோகம் வந்துகீது."

"உத்தியோகஸ்தரே, மொதல்ல ஆட்டுக்குத் தழ ஒடிச்சிக்கினு வாங்க."

17-7, புதன்

காய்ச்சல். பட்டறைக்குப் போகவில்லை. பாதிக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது தலையாரி வந்தார். குப்பண்ணனைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம்.

சங்கத்துக்காரர்கள் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். விமானத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். காணாமல் போன சாமான்களுக்குப் பட்டியல். வாட்ச்மேன் குப்பனை விசாரித்தால் தெரியும் என்று ஒரு வரி. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். இவர்கள் நல்ல எண்ணத்துக்கு இங்கே ஒருவன் உதை வாங்க வேண்டும்.

சாயங்காலம் விட்டார்கள். வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். உதடு வெடித்திருந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள எல்லாச் சாமானும் வந்து சேரணுமாம். இல்லன்னா திருட்டுக் கேசாம்."

"நீ எதையாவது எடுத்தியாண்ணா?"

"குடியிருக்கிற வீட்ட எவனாவது பிச்சித் துன்னுவானா?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

19-7, வெள்ளி

யார் எடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். உட்கார்ந்து எழுதினேன்:

பைலட் சீட் – சலூன் கடையில். சுற்றுகிறது. நானே அதில் உட்கார்ந்துதான் முடி வெட்டிக்கொள்கிறேன்.
பெட்ரோல் டாங்கி – வண்ணார் வீட்டு எருமைத் தொட்டி.
கதவு – ரேஷன் கடை.
சின்னத் தகடுகள் – எங்கள் தெரு முழுக்கக் கூரையில். எங்கள் வீட்டில் ஆறு.
இடது இறக்கை, முக்கால்வாசி – பஞ்சாயத்து பிரசிடெண்டின் மாட்டுக் கொட்டகைக் கூரை.

நைனா எட்டிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

"நம்ம வீட்டயும் எழுதினியா?"

"எழுதினேன்."

"பிரசிடெண்ட?"

"எழுதினேன்."

"செத்தோம்."

20-7, சனி

தாலுகா ஆபீஸ். இரண்டு மணி நேரம் நின்றேன். தாசில்தாருக்கு டீ மூன்று முறை வந்தது.

"ஏமய்யா, வாட்ச்மேன் காதா அவன்?" வாட்ச்மேன் இல்லையா என்று தெலுங்கில் கேட்டார்.

"காதண்டி. நான் சொன்ன பொய். அவருக்கு வேற வீடு இல்ல."

சிரித்தார். காகிதத்தில் வாட்ச்மேன் என்று ஏறிவிட்டதாம். யாரும் நியமிக்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, ஆனால் பொறுப்பு மட்டும் உண்டு. பட்டியலைப் படித்தார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"இதுக்கு நீ கையெழுத்துப் போடுவியா?"

போட்டேன். சாமான் முழுதும் வந்து சேர்ந்தால் கேஸ் இல்லை. குறைந்தால் குறைந்ததற்குக் குப்பன் பொறுப்பு.

பொய் சொன்னேன் என்று டாக்டருக்கும் ஒரு கார்டு போட்டேன். மீனம்பாக்கம் வேலை அவ்வளவுதான்.

22-7, திங்கள்

காலை ஏழு மணிக்கே தலையாரியும் இரண்டு கான்ஸ்டபிள்களும். மேகமூட்டம். வர வேண்டிய மழை இன்றைக்குத்தான் வருமா?

முதலில் எங்கள் தெரு. முதலில் எங்கள் வீடு. நைனா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நானே ஏறி ஆறு தகட்டையும் பிரித்துக் கொடுத்தேன். அம்மா அரிசிப் பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி மண் வாரித் தூற்றினாள், போலீஸ் மேல் அல்ல, என் மேல். "எழுத்து கத்துக்கினு வந்து எங்க கூரைய பிச்சிட்டியேடா!"

பதினொரு மணிக்குள் சலூன் சீட், தொட்டி, கதவு எல்லாம் வண்டியில். முடிவெட்டுகிறவர் சீட்டைத் தானே தூக்கி வைத்துவிட்டு அழுதார்.

பிறகு வண்டியைத் திருப்பினார்கள்.

"கொட்டகை?"

தலையாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது அப்புறம். பிரசிடெண்ட் ஊர்ல இல்ல."

பிரசிடெண்ட் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இங்கிருந்தே தெரிந்தது.

கான்ஸ்டபிள் நோட்டில் எழுதினார்: இடது இறக்கை, வரவில்லை. பேனாவை மூடிவிட்டுக் குப்பண்ணனைப் பார்த்து, "வண்டில ஏறு" என்றார். குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஏணி எங்களுடையது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். கொட்டகைச் சுவரில் சாத்தி ஏறினேன். ஆணி துருப்பிடித்துப் போயிருந்தது. குறடு போட்டு இழுத்தேன். ஒன்று. இரண்டு.

"டேய், எறங்குடா! எவன் கொட்டகைடா அது?" பிரசிடெண்ட். பேப்பர் இன்னும் கையில்.

"நீங்கதான் ஊர்ல இல்லியே!"

தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். கான்ஸ்டபிள் லத்தியோடு ஓடி வந்து ஏணியை ஆட்டினார். மூன்றாவது ஆணி வந்தது. நாலாவதும். தகட்டைப் புரட்டிக் கீழே நீட்டினேன். என்னைவிடப் பெரிது.

குப்பண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து பிடித்துக்கொண்டார்.