இல்லாத முழங்கால் வலி

பசறை
ஒக்டோபர் 9

அன்பு மகன் தினுஷனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். ஜப்பானில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பின்னேரமானால் மழை, பதுளைப் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் எல்லாம் தாமதம், அப்பா பண்டாரவளைக் கடையிலிருந்து வந்துசேர எட்டு மணியாகிறது. தங்கை துஷாந்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், கணக்குக்கு மட்டும்தான் பயப்படுகிறாள். போனில் பேசும்போதெல்லாம் ஒன்றைச் சொல்ல நினைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் பேஸ்போல் ஆட்டம் முடிந்து நீ அழைத்தாய். பாய்ந்து பிடித்த பந்து உன் கிளவுஸுக்குள் போகுமுன் புல்லில் பட்டுவிட்டது, அம்பயர் அதைக் கவனிக்காமல் அவுட் கொடுத்தார், நீயே போய்ப் பட்டது என்று சொன்னாய், அதனால் எதிரணிக்குக் கிடைத்த ஒரு ஓட்டத்தால் உங்கள் அணி தோற்றது, பயிற்சியாளர் உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டார். நான் உடனே, அவரே அவுட் குடுத்துட்டாரு, ஒன்ன யாரு கேட்டா, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல என்றேன். நீ, சரிம்மா, வைக்கிறேன் என்றாய். ஞாயிறு பள்ளியில் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளை உண்மை பேசச் சொல்பவள் நான். உனக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ அதை நம்பியிருக்கிறாய், நான் நம்பவில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அதோடு முடியவில்லை. அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பாஸ்டர் என்னைப் பார்த்து, டீச்சர், தம்பி பேஸ்போல் எப்படிப் போகுது, சொல்லுங்க என்றார். ஜப்பானில் விளையாட நீ தெரிவானபோது முழுச் சபையும் எழுந்து கை தட்டியது. அவர்கள் முன்னால், ஆட்டத்திலிருந்து உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. முழங்காலில் அடி, அதனால் விளையாடவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாஸ்டர் அதை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் குறிப்பில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் துஷாந்தி, எந்தக் காலுன்னு சொல்லிருங்கம்மா, என்கிட்ட கேட்டா நானும் அதையே சொல்லணும்ல என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வெள்ளி உன் முழங்காலுக்காக ஜெபம் நடந்தது, நானும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே இருந்தேன். தோட்டத்து மேல் டிவிசன் லயத்தில் குடியிருக்கும் லீலா அக்காவை உனக்குத் தெரியும், முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்து இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். போன வெள்ளி எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார். உட்காருங்கக்கா என்றேன். தம்பி காலுக்காகக் கேக்கறப்ப நான் சொகமா ஒக்காந்துக்கிட்டா கேக்கறது என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் வாசற்படியில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர், அப்ப புள்ளைக்கு ஒன்னும் இல்லதானே, அது போதும் டீச்சர் என்றார். பிறகு, அது நல்ல காரியந்தானே செஞ்சிருக்கு, அதப் போயி ஏன் மறைச்சீங்க என்று கேட்டார். படியிறங்கக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.

வரும் ஞாயிறு எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். பாஸ்டரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். என் வகுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றதற்கு, மொதல்ல புள்ளைங்ககிட்டயும் சொல்லுங்க டீச்சர், அப்புறம் பாக்கலாம் என்றார். பெரியவர்களைவிட அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்பு உன்னிடம் சொல்ல வேண்டும். அன்று போனில் நான் சொன்னது பிழை, நீ செய்தது சரி. என்னை மன்னித்துக்கொள் மகன். இனி அப்படி ஒரு பந்து வந்தால், அம்மா என்ன சொல்வாள் என்று ஒரு நிமிடமும் யோசிக்காதே.

பயிற்சியாளரிடம் மரியாதை குறையாமல் நட. குளிரில் காதை மூடிக்கொள். உன்னை அங்கே அழைத்துப்போன ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். துஷாந்தி இதைப் படம் பிடித்து அனுப்புவாள், அவளும் படிக்கட்டும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நான் எழுந்து நிற்பேன், உனக்கு அப்போது பகல் ஒரு மணி. மறக்காமல் அந்த நேரம் எனக்காக ஜெபித்துக்கொள்.

உன் அன்பு
அம்மா