ஆறு புள்ளி எட்டு

மார்ச் 3, திங்கள்

ஸ்கேன் மிஷினைச் சரிபார்க்க வந்தவர் மதியம் கிளம்பினார். வெளியே யாரும் காத்திருக்கவில்லை. படம் தெளிவாக வருகிறதா பார்ப்போமே என்று ஜெல்லைத் தடவி, ஸ்கேன் செய்யும் ப்ரோபை என் அடிவயிற்றிலேயே வைத்தேன். பதினாறு வருடமாக அடுத்தவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் என்னுடையதையும் பார்த்தால் என்ன என்றுதான்.

வலது சினைப்பைப் பக்கம் ஒரு கட்டி. கெட்டியாக. சுற்றிலும் கொஞ்சம் நீர். கை தன்பாட்டுக்கு அளந்தது. ஆறு புள்ளி எட்டு சென்டிமீட்டர்.

பெயர் கேட்ட இடத்தில் ‘டெஸ்ட்’ என்று அடித்திருந்தேன்.

மார்ச் 4

மறுபடியும் பார்த்தேன். அதே 6.8.

மார்ச் 5

6.8.

மார்ச் 6

கோணத்தை மாற்றி வைத்துப் பார்த்தேன், சின்னதாகிவிடாதா என்று. அதே 6.8. என்ன கிறுக்குத்தனம்! வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக், எதையும் உடனே கழற்றிப் பார்த்தாக வேண்டும். “என்ன மேடம், சோறு இறங்க மாட்டேங்குதா?” என்றார். அசிடிட்டி என்றேன்.

மார்ச் 7

மாட்டிக்கொண்டேன். ஸ்கேன் டாக்டரம்மா ஏதோ பழைய படத்தைத் தேடியிருக்கிறார். “டெஸ்ட்னு நாலு பேஷண்ட் இருக்காங்களே. நாலு பேருக்கும் ஆறு புள்ளி எட்டு. யாரும்மா இது?”

என் முகத்தையே பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, “படு” என்றார்.

இரண்டு தடவை அளந்தார். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அடக் கடவுளே, நான் எத்தனை பேருக்கு அப்படித் திருப்பியிருக்கிறேன்!

மார்ச் 10

சர்ஜன் சொல்கிறார்: “கேன்சரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துடலாம்.” ரத்தப் பரிசோதனையும் அதற்கு ஒத்து ஊதுகிறது.

டாக்டரம்மா விடவில்லை. “வயித்துக்குள்ள ஜவ்வும் தடிச்சிருக்கு சார். வேற நோயாவும் இருக்கலாம். ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசியால ஒரு துணுக்கு எடுப்போம். அப்புறம் கத்தியை எடுங்க.”

ஊசி பட்டால் பரவிடுமா என்று கேட்டேன். நூறு பேருக்கு நான் பதில் சொன்ன கேள்வி. “கட்டியைத் தொடப்போறதில்ல, ஜவ்வுலதான் எடுப்பேன்” என்றார்.

இவரிடம் சொல்லியாகிவிட்டது. “ஒரு வாரமா தெரிஞ்சும் வாயைத் திறக்கலயா நீ?” ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்தார். எங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது. ஒன்பதுதான்!

மார்ச் 13

எடுத்தாச்சு. மரத்துப்போக முதலில் போட்ட ஊசிதான் எரிந்தது. டாக்டரம்மாவின் ஒரு கையில் ப்ரோப், மறு கையில் ஊசி, கண் திரையில். டக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னும் இரண்டு. பாட்டிலில் நூல் பிசிறு மாதிரி மூன்று துணுக்கு. இவ்வளவுதானா? இதுவா சொல்லப்போகிறது?

எனக்கு ஜூனியராக இருக்கும் பெண்தான் பக்கத்தில் நின்றாள். “அக்கா, மூச்சு விடுங்கக்கா” என்றாள். விட மறந்திருக்கிறேன்.

மார்ச் 15

லேபுக்கு ஃபோன் செய்தேன். “மேடம், பத்து நிமிஷம் முன்னாடிதானே கேட்டீங்க?”

மார்ச் 18

ரிசல்ட் இன்னும் வரவில்லை. பெண்ணுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். இவருக்குப் பின்னத் தெரியாது. கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 20

கேன்சர் இல்லை. இல்லை, இல்லை, இல்லை! டி.பி. வயிற்றுக்குள் டி.பி. ஆறு மாதம் மாத்திரை, எதையும் வெட்ட வேண்டாம். நுரையீரல் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. வீட்டில் மற்ற இரண்டு பேரும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

“டி.பி.ன்னு சொல்றேன், பல்லைக் காட்டுறியே!” என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மார்ச் 22

நேற்று முதல் மாத்திரை. இன்று காலை சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போனது. மாத்திரையின் நிறம்தான், பயப்படாதே என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் ஐயோ என்று கத்திவிட்டேன். இவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

“என்னாச்சு? தொற!”

“ஒண்ணுமில்லீங்க. மாத்திரை கலர்.”

“அதுக்கா ஊரைக் கூட்டுற?”

கதவைத் திறந்தேன். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “செத்துடுவேன்னு நினைச்சேங்க” என்றேன்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றவர், குளியலறை ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.