எங்கள் மாடியில் மட்டும் வெளிச்சம்

9 செப்டம்பர் 2023, ஆத்தூர்

சோலார் தகடு மாட்டி முடித்துவிட்டார்கள். பேட்டரியை மாடி அறையில் வைக்கச் சொன்னது நான்தான். கீழே வைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். ஆனால் மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் தகட்டில் விழுகிறது. சாகுபுரம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

16 செப்டம்பர்

பக்கத்து வீட்டுச் சீனித்தாயக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் இவர் ஆள் வைத்து, எங்கள் பக்கம் நீண்டிருந்த கிளைகளை வெட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டுச் சுவரோரம் நின்று அழுதாள்.

"ஏளா, அந்த நெழல்லதான அவுக உக்காந்து மூச்சு வாங்குவாக. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் வீட்டுக்காரர் சொரிமுத்து அண்ணாச்சிக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே மெஷின் வைத்துத்தான் ஆக்சிஜன் எடுக்கிறார். "எங்க பக்கம் வந்ததத்தான வெட்டுனோம்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

2 நவம்பர்

அக்கா இன்னும் பேசவில்லை. தெருக்குழாயில் என்னைக் கண்டால் குடத்தோடு திரும்பிவிடுகிறாள்.

18 டிசம்பர்

நேற்று முழுக்க விடாத மழை. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. ஊரெங்கும் கரண்ட் இல்லை. கேஸ் சிலிண்டர் கீழே தண்ணீருக்குள். மாடியில் கரண்ட் அடுப்பில்தான் கஞ்சி வைத்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். தெருவில் உள்ளவர்களின் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறுகின்றன. எல்லாரும் எங்களை வாழ்த்துகிறார்கள்.

பக்கத்து வீட்டில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவர்களும் மாடியில்தான். ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி. மொட்டைமாடி வழியாக ஒரு வயரை எட்டிப் போட்டால் போதும்.

"கூப்பிடவா?" என்று இவரிடம் கேட்டேன்.

"ஆக்சிஜன் சிலிண்டர் வச்சிருப்பாக. வேணும்னா அவுகளே கேக்கட்டும்."

எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

19 டிசம்பர்

விடிந்ததும் மனது கேட்காமல் மொட்டைமாடிக்கு ஓடினேன். "யக்கா, வயரு போடட்டுமா?" அங்கே மாடியில் யாரும் இல்லை. கீழே எட்டிப் பார்த்தேன். புன்னைக்காயலிலிருந்து வந்த படகுக்காரர்கள் அண்ணாச்சியைப் போர்வையோடு படகில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

20 டிசம்பர்

அண்ணாச்சி போய்விட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவே இல்லையாம்.

21 டிசம்பர்

இவர் சாப்பிடவில்லை. பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இப்ப அணைச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது? சிலிண்டர் இருக்கா இல்லையான்னு நானாவது கேட்டேனா? இவரு சொன்னா என்ன, எனக்கு வாய் இல்லையா? ஊரு போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டேனே — ஐயோ, ஒரு வயரு —

6 ஜனவரி 2024

காரியமெல்லாம் முடிந்தபின் இன்றுதான் அக்கா வீட்டுக்குப் போகத் துணிந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சிலிண்டரு அன்னைக்கே தீந்துட்டு. 'அங்கன வெளிச்சம் தெரியுது, முத்துக்கனிட்ட கேளுளா'ன்னு அவுக சொன்னாக. நாந்தான், அவளாக் கூப்புடட்டும்னு வைராக்கியமா இருந்துட்டேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் அப்படித்தான்க்கா இருந்தேன். மெஷின் சத்தம் நின்னது தெரியும்" என்றேன்.

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

11 பிப்ரவரி

இவர் எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு அக்கா வாசலில் போய் நின்றார். எங்கள் பேட்டரியிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

"இனி யாருக்கு?" என்றாளாம்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

14 மார்ச்

அக்கா குழாயடியில் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் போகவில்லை. பேசவும் இல்லை.

7 மே

அக்கினி வெயில். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மாடியில் எங்கள் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. படியில் காலடிச் சத்தம். சீனித்தாயக்கா. நேராக வந்து ஃபேனுக்கு நேர் கீழே வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

கரண்ட் வந்தபிறகும் நான் எழுப்பவில்லை.