வலி நோட்டும் சிவப்புச் சாறும்

குவோப்பியோ
அக்டோபர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். சித்தியின் ரொட்டிக் கடை வேலை பழகிவிட்டது. போனில் பேசினால் கடை முழுக்கக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

மருத்துவமனையில் மூன்றாவது முறை சோதித்தும் சிறுநீரில் கிருமி இல்லையாம். ஆனால் வலி உண்மைதானாம். சிறுநீர்ப்பை நாள்பட நோகும் நோய். முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை முறை போனேன், வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுத நர்ஸ் ஒரு நோட்டு கொடுத்தார். காப்பியை நிறுத்திவிட்டேன். "காப்பி குடிக்காத பொண்ணா! நீ பின்லாந்துக்காரிதானாடி?" என்று கடையில் கேலி செய்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய லிங்கன்பெர்ரிப் பழச் சாறு வந்தது, அதே சிவப்பு, அதே புளிப்பு. நன்றி.

உங்கள் வென்லா

நில்சியா
அக்டோபர் 9

கண்ணு வென்லா,

கிருமி இல்லையென்றால் வலி எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோதும் இதே வலிதான். "உம்பொண்ணுக்கு வலியுமில்ல, ஒண்ணுமில்ல. படிக்க உடம்பு வணங்கல, அவ்ளோதான்" என்று பக்கத்து வீட்டு சால்மே நேற்றும் சொன்னாள்.

மூத்திரக் கடுப்புக்கு ஊரே குடிப்பது இந்தச் சாறுதான். செவ்வாய்தோறும் அனுப்புகிறேன். குடிக்கிறாயா என்று சித்தியிடம் கேட்பேன்.

அம்மா

குவோப்பியோ
நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாதீர்கள். பார்சல் வந்த மறுநாளெல்லாம் நோட்டில் எட்டு, ஒன்பது. எனக்குச் சாற்றின் மேல் சந்தேகம் வந்தது. உங்களிடம் சொல்லாமல் இரண்டு வாரம் நிறுத்தினேன். மூன்றுக்கு இறங்கியது. மறுபடி ஒரு டம்ளர் குடித்தேன். எட்டு. "கிருமி இருக்கறவங்க கதை வேறம்மா. உனக்குப் புளிப்பு ஆகல" என்றார் நர்ஸ்.

நான் குடிப்பதாகச் சித்தியைப் பொய் சொல்ல வைத்ததும் நான்தான். நோட்டுப் பக்கங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நம்புகிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

வென்லா

நில்சியா
நவம்பர் 27

வென்லா,

சித்தி சொல்லிக்கொடுத்து எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் பள்ளிக்கூட வருடத்துச் சமையலறை நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். நீ வலி என்று சுருண்ட நாட்களைப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன், பொய்யைப் பிடிப்பதற்காக. வட்டம் போட்டதில் முக்கால்வாசி பரீட்சை நாள்.

பரீட்சை அன்று காலையில், வலி வராமலிருக்க, உனக்கு இரண்டு டம்ளர் சாறு. பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தது நான்.

நாட்காட்டித் தாள்களைக் கிழித்து அனுப்பியிருக்கிறேன். உன் நோட்டோடு சேர்த்து நர்ஸிடம் காட்டு. பார்சலில் வெந்நீர்ப் பை இருக்கிறது. சாறு பாட்டில் இல்லை.

அம்மா