பதில் வராவிட்டால்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். எண்ணூர் பக்கத்திலிருந்து அந்த ஆலை வாடை. ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் தலைவலி.

ஆபீசில் புது மேலாளரிடமிருந்து மெயில். எல்லோரும் இன்னும் ‘ஃபாலோ அப்’ பண்ண வேண்டுமாம். எட்டு வருஷமாக நான் வேறென்ன செய்கிறேன்? கன்டெய்னர் எங்கே, டிரைவர் எங்கே, பேப்பர் எங்கே. மூன்று முறை போன், ஒரு மெயில், அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அந்த வரியை அடித்துவிடு.

துறைமுக வாசலில் லாரியோடு நிற்கும் டிரைவர் குமாருக்கு இன்று ஐந்து தடவை போன்.
“மேடம், எத்தினி வாட்டி கேட்டாலும் இதான். லைன் நவுரவே மாட்டேங்குது. டீ குட்ச்சிக்கினு கீறேன், அதையும் எய்திக்க.”
எழுதினேன். சிரிப்பு வந்தது. இன்று என்னிடம் அதிகம் பேசியது அவர்தான்.

ஞாயிறு வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அண்ணனுக்குப் போன். ஆர்.என்.ஆர். (ஆபீஸ் பழக்கம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.)

ஜூலை 9, புதன்
வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, பல்பு, ரசப்பொடி.

அகராதியில் பார்த்தேன். ஃபாலோ அப்: தொடர்ந்து விசாரித்தல், ஒன்றைச் செய்தபின் அதன் அடுத்த கட்டத்தைக் கவனித்தல். ஆஸ்பத்திரியில் மீண்டும் வந்து காட்டுவதும் அதுதானாம். அம்மாவாக இருந்தால் “சும்மா பின்னாலேயே அலையறது” என்று முடித்திருப்பாள்.

அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் பீரோவில். ‘இரண்டு வாரம் கழித்து ஃபாலோ அப்.’ மூன்றாவது வாரம் அம்மா இல்லை.

அடக்கத்தன்று அண்ணன் கேட்டது: “ஊரையே ஃபாலோ அப் பண்ற. அம்மாவ ஏன் இட்டுகினு போல?”
ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடைக்கவில்லை என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

போன், இரண்டாவது தடவை. ஆர்.என்.ஆர்.

ஜூலை 10, வியாழன்
மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. சாப்பாடு தயிர்சாதம், மேசையிலேயே.

மூன்றாவது போனையும் எடுக்கவில்லை. சரி, மெசேஜ். என்ன எழுதுவது? நாலு வரி எழுதி அழித்தேன். அதற்குள் மேலாளர் கூப்பிட, ஆபீஸ் நினைவூட்டலை அப்படியே ஒட்டி, விஷயத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன்:

‘அன்பான நினைவூட்டல். அம்மாவின் முதலாண்டுப் பூசை, ஞாயிறு காலை 6 மணி, ராயபுரம் கோயில். பதில் வராவிட்டால் இது முடிக்கப்பட்டதாகக் கருதப்படும்.’

கடைசி வரியை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு நீல டிக். அழித்து என்ன பயன்?

சொந்த அண்ணனுக்கு. எவ்வளவு கேவலம்.

ஜூலை 12, சனி
நேற்று எதுவும் எழுதத் தோன்றவில்லை. பதிலும் இல்லை.

பூசையில் வாசிக்க அம்மா பெயரைக் கொடுக்கக் கோயிலுக்கு. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நோட்டைத் திருப்பினார்.
“இன்னாம்மா செலின், திரும்பவும் குடுக்கிற? உங்கண்ணன் செவ்வாக்கெழமையே வந்து எய்திட்டுப் பூட்டாரே. உன் பேரும் சேத்துதான் கீது.”

செவ்வாய். என் மெசேஜ் வியாழன்.

கடற்கரைச் சாலையில் லாரிகளைப் பார்த்தபடி நின்றேன். அழுகை. ஒரு டிரைவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

ஜூலை 13, ஞாயிறு
மேகமூட்டம். 5.30க்கே கோயிலில்.

“மரியம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பிள்ளைகள் அந்தோணி, செலின்.” சாமியார் ஒரே மூச்சில் வாசித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் பெயர்கள் ஒன்றாக. பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துப் பிடித்திருந்தேன். பூசை முடியும்வரை அண்ணன் வரவில்லை.

வீட்டில் இட்லி, இரண்டு மீதி.

போன் வேண்டாம். மெசேஜ் வேண்டவே வேண்டாம். வள்ளூர் பஸ் பிடித்து நேரே அண்ணன் வீட்டுக்கு. எடுத்துக்கொண்டது: குடை, தண்ணீர், பூசையில் ஏற்றிய மெழுகுவர்த்தியின் மிச்சம், பீரோவிலிருந்த சீட்டு.

டோக்கன் கிடைத்திருந்தது. ஆபீசில் லீவு கேட்கப் பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டது நான்தான். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அண்ணன் கதவைத் திறந்தால்.

பஸ் வந்துவிட்டது