முதல் வாய்ச் சோறு

அக்கா,

இன்று சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, பாத்திர அடுக்கின் அடியிலிருந்து உன் சில்வர் தட்டு வந்தது. விளிம்பு நசுங்கின அதே தட்டு. புதிதாக வந்த உதவியாளர் அதில் சோறு போடப் போனாள். "அது வேணாம், வையி" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுவிட்டாள்.

ஒரு காலத்தில் அந்தத் தட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மனசு கெட்டுப்போய் நான் எட்டு மாதம் வீட்டில் கிடந்தபோது, உன் உதவியாளர் வேலையோடு என் சமையல் வேலையையும் சேர்த்து நீதான் பார்த்தாய். ஜீப்பில் மலை இறக்கி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நீதான். மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்கி, உதவித்தொகையோடு வீட்டிலேயே இரு என்று புதூர்நாடு ஊரே சொன்னது. நீ மட்டும், "அது வர்றப்ப வரட்டும். நீ வேலைக்கு வா. வூட்லயே குந்திக்கினு இருந்தா இன்னும் மோசமா பூடும்" என்றாய். உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நான் வந்து ஏதாவது தப்புச் செய்தால், வேலை மொத்தமாக உன் கைக்கு வந்துவிடும் அல்லவா? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு திரும்பி வந்தேன். அன்று சோறு இறக்கியதும் நீ வாசல் படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, அந்தத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டாய். மறுநாளும் அப்படியே. ருசி பார்ப்பது தலைமை ஆசிரியர் வேலை, நீ ஏன் முந்த வேண்டும்? உப்பு கூடினால் யாரிடம் போய்ச் சொல்வாயோ என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். "இன்னாக்கா, என்னை வேவு பாக்கறியா?"

"பசிக்குதுடி, போடு" என்றாய். நான் நம்பவில்லை.

உன் காரியத்தன்று ஒரு பிள்ளையின் அம்மா சொன்னாள். "மாத்திரை சாப்புடறவ கையால சோறான்னு, புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னு நின்னோம். அந்தக்காதான், 'நான் மொதல்ல துன்றேன், எனக்கு எதனா ஆச்சுன்னா அனுப்பாதீங்க'ன்னாங்க. வேலிகிட்ட நின்னு பாத்துட்டுதான் அனுப்புவோம்."

என் சந்தேகம் அதோடும் ஓயவில்லை, அக்கா. முதல் நாள் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்க வெகு நேரமானது. ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டாய் என்று அன்று நினைத்தேன். இப்போது தெரிகிறது. உனக்கும் என்னிடம் பயம் இருந்திருக்கிறது. பயந்துகொண்டேதான் சாப்பிட்டாய்.

மாத்திரை இன்னும் போடுகிறேன். வேலையும் இருக்கிறது. இன்று உன் தட்டை நானே கழுவி, அதே படியில் உட்கார்ந்து, முதல் வாய் சாப்பிட்டேன்.

உப்பு கூடுதலாகத்தான் போடுகிறேன். நீ ஒரு நாளும் சொன்னதில்லை.